துடைத்த பொட்டு

சபேஷ் கதையைச் சொல்லி முடித்தபோது காத்தவராயனின் கை நெற்றியில் இருந்தது. எப்போது அங்கே போனதென்று அவருக்குத் தெரியவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட பிறகுதான் இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு மாடி அறை அது. சபேஷ் அதைத்தான் படத்தின் அலுவலகம் என்றான். கீழே முன்பு டிஸ்க் கடை இருந்ததாம். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே கிடப்பானாம். ஜப்பான் வாள் சண்டை, ஹாங்காங் குங்ஃபூ, இத்தாலிக்காரர்கள் எடுத்த குதிரைக்காரப் படங்கள் என்று பாஷை புரியாமலே பார்த்து வளர்ந்தவன். இப்போது அத்தனையையும் கலந்து சிலம்பத்தில் ஒரு படம் எடுக்கப் போகிறான். தகப்பனைக் கெடுத்தவர்களைத் தேடிப் போய் ஒவ்வொருவராக முடிக்கிற பெண்ணின் கதை. வெள்ளைப் புடவையை வரிந்து கட்டி, கண்ணை மறைக்கும் பனையோலைத் தொப்பி போட்டிருப்பாள். அதிகம் பேச மாட்டாள். அந்த வேஷத்துக்குத்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்த ரேகா. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியை, சிலம்பத்தில் கெட்டிக்காரி என்று சபேஷ் அறிமுகப்படுத்தினான். படத்தில் அவள் தேடிப் போகிறவர்களில் கடைசி ஆள் வேஷம் காத்தவராயனுக்கு.

செம்மண்டலத்தில் சிலம்பக்கூடம் நடத்தும் காத்தவராயன் ஆசானைக் கடலூரில் தெரியாதவர்கள் குறைவு. நரைத்த மீசை, வளையாத முதுகு. அந்த முகத்துக்காகத்தான் தேடி வந்தேன் என்று சபேஷ் சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. கடைசிக் காட்சியைச் சொல்லும்வரை.

சிலம்பப் போட்டியில் கம்பு நுனியில் துணி சுற்றிக் குங்குமக் குழம்பில் தோய்த்திருப்பார்கள். எதிராளியின் உடம்பில் பட்ட இடமெல்லாம் புள்ளி விழும். நெற்றியில் விழுந்தால் அதற்குப் பெயர் பொட்டு, ஆட்டம் அதோடு சரி. பொட்டு வாங்கியவன் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும். பொட்டு வைத்தவன் கிழக்கே திரும்பிக் குனிந்து மண்ணைத் தொட்டுக் கும்பிடுவான். சபேஷின் கதையில், பொட்டு வாங்கியவன் அதைத் துடைத்துவிட்டு, கும்பிடக் குனிந்தவனின் பின்கழுத்தில் அடிக்கிறான். அடிபட்டவனின் மகள் வளர்ந்து வந்து அதே ஆளின் நெற்றியில் பொட்டு வைத்து, அதே மாதிரி முதுகைக் காட்டிக் குனிகிறாள். அவன் மறுபடி அடிக்க வருகிறான். இந்தத் தடவை அவள் முந்திக்கொள்கிறாள்.

எப்படி இருக்கிறது என்று சபேஷ் கேட்டான். நன்றாயிருக்கிறது என்றார்.

அது கதையில்லை. நடந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரை, மாசி மகத்துக் காலை. அவரும் ராபர்ட்டும் ஒரே வாத்தியாரிடம் கம்பு பிடித்தவர்கள், மச்சான் என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு ஆசான் பட்டத்துக்கு இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். நெருக்கியடித்த கூட்டத்தைத் தள்ளிவிட நடுவர் அந்தப் பக்கம் திரும்பி, எல்லார் கண்ணும் அந்தத் தள்ளுமுள்ளுக்குப் போன நேரம், ராபர்ட்டின் கம்பு அவருடைய நெற்றி நடுவில் ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி தொட்டுவிட்டுப் போனது.

"வுட்டுடு மச்சான், பொட்டு வுழுந்திடிச்சி" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, ராபர்ட் கடல் பக்கம் திரும்பிக் குனிந்தார். காத்தவராயன் இடுப்புத் துண்டை உருவி நெற்றியைத் துடைத்தார். பிறகு அடித்தார்.

கூட்டம் திரும்பியபோது ஒருவர் மணலில் கிடந்தார், இன்னொருவர் நெற்றி சுத்தமாக இருந்தது. ஆட்டத்தில் பட்ட அடி என்று முடிந்துபோயிற்று. ராபர்ட் பேச்சிழந்து, கை கால் விழுந்து படுக்கையில் கிடந்தார். அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை. கல்லறைக்குப் பெட்டியைச் சுமந்தவர்களில் காத்தவராயனும் ஒருவர். பட்டமும் கூடமும் பிறகு வந்தவை.

பார்த்தவர் யாருமில்லை. அப்படித்தான் இத்தனை வருஷமும் இருந்துவிட்டார்.

ஒத்திகை தொடங்கிய அன்று, கம்பு சீவிக்கொண்டே, இதையெல்லாம் எங்கே பிடித்தாய் என்று சபேஷிடம் பேச்சுவாக்கில் கேட்டார். சபேஷ் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. தொப்பி ஜப்பானில் சுட்டது என்று சிரித்தான். இரண்டு பேர் வெகுநேரம் அசையாமல் நிற்பதும், ஒரே வீச்சில் எல்லாம் முடிவதும் அங்கேயிருந்துதான். துணி படபடக்கிற சத்தமும், சட்டென்று முகத்துக்குப் பாய்கிற கேமராவும் ஹாங்காங். திரை முழுக்கக் கண்களை மட்டும் காட்டுவது இத்தாலிக்காரன். கடைசியில் எங்கிருந்தோ உடுக்கைச் சத்தம் வருவது நம்மூர்ப் பழைய படங்கள்.

"எந்த ஊர் படமா இருந்தாலும் ஒண்ணு மாறாது மாஸ்டர். எவனோ ஒருத்தன் பின்னாலேருந்து அடிச்சிருப்பான். கத அங்கதான் ஆரம்பிக்கும்."

"அந்தப் பொட்டு?"

"அது மட்டும் நான் சுட்டதில்ல. ரேகா குடுத்தது."

வீட்டில் சாப்பிடும்போது அந்தப் பெயரைச் சும்மா சொல்லிப் பார்த்தார். அவர் மனைவி இருசம்மாள், அது ராபர்ட் அண்ணன் பொண்ணுதானே, உங்களுக்குத் தெரியாதா என்றாள். ரேகாவின் அம்மாவை எப்போதாவது மார்க்கெட்டில் பார்ப்பதுண்டாம். பெண் நல்ல வேலையில் இருக்கிறாளாம். சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் போதும் என்று சொல்ல மறந்துபோனார்.

விலகிவிடலாம். முதுகு வலி என்றால் போதும். ஆனால் ஊர்க்கூட்டமாக நிற்பதற்கு அவருடைய கூடத்து மாணவர்களைத்தான் சபேஷ் எடுத்திருந்தான். ஏன் என்று அவர்கள் கேட்பார்கள். ரேகா கேட்க மாட்டாள். கேட்காமல் பார்ப்பாளே, அதை நினைக்கத்தான் முடியவில்லை.

சபேஷ் கொடுத்த படங்களை அவர் செல்போனில் பார்க்கத் தொடங்கினார். மற்றவர்கள் நாயகனைப் பார்ப்பார்கள். அவர் கடைசி ஆளைப் பார்த்தார். ஒரு படத்தில் அவன் பனியில் நின்றான், ஒன்றில் சேற்றில், ஒன்றில் அம்மன் சன்னதியில். எல்லோரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். வயதாகியிருந்தது, வசதி வந்திருந்தது, சுற்றி ஆட்கள் இருந்தார்கள். தொப்பியின் நிழல் வாசலில் விழும்போது ஒருவன்கூட ஆச்சரியப்படவில்லை. வாளை எடுப்பதற்கு முன் ஒவ்வொருவனுக்கும் கொஞ்சம் நேரம் கிடைத்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. முன்னெல்லாம் இது படத்தில் ஒரு குறை என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

ஒத்திகையில் ரேகா "சரி மாஸ்டர்" என்பதற்கு மேல் பேசவில்லை. இடது காலை அரைத் தப்படி இழுத்து வைத்து நிற்பாள். ராபர்ட் நின்ற நிலை. அந்தக் காலைப் பார்த்தபடி அவளோடு கம்பு மோதுவது, கல்லறையிலிருந்து எழுந்து வந்தவனோடு மோதுவதாக இருந்தது. அவள் வீச்சு ஒரு தடவைகூட அவர் மேல் பலமாகப் படவில்லை. ஒரு தடவை பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் இருக்கிறது, தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளலாம். இந்தப் பதம் வேறு எதற்கோ காத்திருக்கிற பதம்.

கடைசிக் காட்சியைப் புவனகிரியில் வெள்ளாற்று மணலில் வைத்திருந்தார்கள். தண்ணீர் வற்றி, ஆறு வெறும் வெளியாகக் கிடந்தது. தூரத்தில் பாலத்தில் பஸ்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. இன்றைக்கு ஒரே ஒரு ஷாட், அதையே பல இடத்தில் கேமரா வைத்து எடுப்போம் என்றான் சபேஷ். அவள் பொட்டு வைப்பாள், திரும்பிக் குனிவாள், நான் கட் சொல்லும்வரை மாஸ்டர் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். துடைப்பதும் அடிப்பதும் நாளைக்கு, ரப்பர் கம்பில். இன்றைக்குச் சத்தத்துக்காக நிஜ மூங்கில். மேக்கப்காரரிடம், சாயங்காலம்வரை பொட்டு கலையக் கூடாது, தண்ணியில் போகாத சாயமாகக் கலந்துவிடுங்கள் என்று அவன் சொன்னதும் காத்தவராயன் காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. அவள் கையிலும் நிஜ மூங்கில் என்பது மட்டும்தான் ஏறியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கரை மரத்தடியில் படுத்திருந்தார்கள். ரேகா ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தொப்பி மடியில் இருந்தது. வெகுநேரம் இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணலில் ஒரு கொக்கு இல்லாத தண்ணீரைத் தேடி நடந்தது.

"அப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப ஒண்ணு செய்வாரு மாஸ்டர்" என்றாள். குரலில் ஒன்றுமில்லை. "கொஞ்சம் அசையுற ஒரு கையத் தூக்கி நெத்திகிட்ட வச்சி இப்பிடி இழுப்பாரு. மறுபடி வப்பாரு, மறுபடி இழுப்பாரு. சிலுவ போடப் பாக்குறாரு, நெஞ்சு வரைக்கும் வர தெம்பில்லன்னு அம்மா நெனச்சிது. அதுவே கையப் புடிச்சி நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டுபோயி முடிச்சி வைக்கும். அப்பா அழுவாரு. பக்தியில அழுவுறாருன்னு நாங்களும் முட்டி போட்டு செபம் சொல்லுவோம்."

கொக்கு நின்றது. காத்தவராயன் தன் இரண்டு கைகளையும் நாற்காலிப் பிடியில் அழுத்தி வைத்திருந்தார்.

"அப்புறம் நான் கம்பு கத்துக்கிட்டேன். ஒரு போட்டியில பொட்டு வாங்குனேன். வேர்வன்னு நெனச்சி கை தன்னால நெத்திக்குப் போச்சி. நடுவர் புடிச்சிக்கிட்டாரு, தொடைக்கக் கூடாதும்மான்னாரு. அப்பத்தான் மாஸ்டர், எங்க அப்பா இன்னா சொன்னாருன்னு புரிஞ்சிது."

அவள் இன்னும் ஆற்றைத்தான் பார்த்தாள்.

"எதனா சொல்லணும்னா சொல்லுங்க."

நேரம் இருந்தது. பனியில் நின்றவனுக்கும் சேற்றில் நின்றவனுக்கும் கிடைத்த அதே கொஞ்ச நேரம். வாயைத் திறந்தார்.

"வெயில் சாயுது. கூப்புடுவாங்க, வா."

அவள் தலையசைத்தாள். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண்கள் மறைந்தன.

எதிரெதிரே நின்றார்கள். அவருடைய மாணவர்கள் ஊர்க்கூட்டமாகச் சுற்றி நின்றார்கள். சபேஷ் சொன்னபடி வெகுநேரம் யாரும் அசையவில்லை. புடவைத் தலைப்பு மட்டும் காற்றில் அடித்துக்கொண்டது. பிறகு மூங்கில் மூங்கிலில் மோதியது. அந்தச் சத்தம் ஆறு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அவர் தடுத்தார், சுழன்றார், வயதை மறந்து ஆடினார். அவள் இடது கால் அரைத் தப்படி இழுபட்டது. வரப்போகிறது என்று தெரிந்தும் தடுக்க முடியவில்லை. நெற்றி நடுவில் ஈ உட்கார்ந்து எழுந்தது.

வலிக்கவே இல்லை. அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. அவள் முதுகைக் காட்டி, கிழக்கே திரும்பி, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணைத் தொடக் குனிந்தாள்.

அப்போதுதான் காத்தவராயனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை நாளும் தன் உயிருக்குப் பயந்துகொண்டிருந்தார். இப்போது கம்பு அவர் கையில் இருக்கிறது. அன்றைக்கு நடந்தது உலகத்தில் தெரிந்தவள் ஒருத்திதான், அவள் பின்கழுத்து அவருக்கு முன்னால் வெயிலில் திறந்து கிடக்கிறது. சூட்டிங்கில் கை தவறிவிட்டது என்றால் யார் என்ன கேட்கப் போகிறார்கள். ஆட்டத்தில் பட்ட அடி. வார்த்தைகூடப் புதிதாகத் தேட வேண்டாம்.

கை நெற்றிக்குப் போனது. புறங்கையால் அழுத்தித் துடைத்தார். பிறகு அடித்தார்.

கம்பு மணலில் இறங்கி, அடியிலிருந்த கல்லில் பட்டு உடைந்தது. அவள் அங்கே இல்லை. ஒரு பக்கமாக நகர்ந்து நின்றிருந்தாள். சாய்ந்த வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது. தூக்கிய கம்போடு அவருடைய நிழல் அவள் குனிந்த இடத்தைத் தாண்டி மணலில் நீளமாக விழுந்திருந்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது மண்ணை அல்ல.

சபேஷ் கட் சொல்லவில்லை. மாணவர்களுக்குக் கம்பு தெரியும். நிறுத்துகிற வீச்சு எது, இறக்குகிற வீச்சு எது என்று அவர்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்கள் மணலில் குத்தி நின்ற உடைந்த மூங்கிலைப் பார்த்தார்கள், பிறகு அவர் முகத்தை.

"நாளைக்கு எடுக்கறத இன்னிக்கேன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

ரேகா தன் கம்பை முறைப்படி இரண்டு கையாலும் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்தாள்.

"எங்க அப்பாவுக்குத் தெரியாது மாஸ்டர், நீங்க தொடச்சிட்டு அடிப்பீங்கன்னு. எனக்குத் தெரியும்." அவர் நெற்றியைப் பார்த்தாள். "இது போவல."

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கடலூர் திரும்பும் வேனில் மாணவர்கள் பின்பக்கமாக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவருக்குப் பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தன. ஓட்டுநரின் கண்ணாடியில் தன் நெற்றி தெரியாதபடி தள்ளி உட்கார்ந்தார். வழியில் நிறுத்தச் சொல்லி ஒரு பம்ப்செட்டில் முகத்தைத் தேய்த்துக் கழுவினார். தோல் எரிந்தது. சிவப்பு அப்படியே இருந்தது. செம்மண்டலத்தில் இறங்கியபோது யாரும் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.

இருசம்மாள் கதவைத் திறந்தாள். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையும் ஒரு பழந்துணியையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எண்ண வச்சாதான் போவும்" என்றாள். "அன்னிக்கு உங்க துண்டுலேருந்து குங்குமத்த எடுக்கவும் நான் அதத்தான் போட்டேன்."