மேல் வீடு, கீழ் வீடு

என் அண்ணன் முச்செமி செத்தபோது மனமாரத்தான் அழுதேன். பிறகு ஏலக்காரன் வந்து வாசல் கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினான். அழுத கண்ணீரைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. முட்டைக்கோஸ் ஏற்ற ஒரு லாரி வேண்டும் என்று, நிலத்தைக் கொண்டுபோய் வங்கியில் அடமானம் வைத்திருக்கிறான். அந்த லாரி நைவாஷா மலைச்சாலை இறக்கத்தில் மழையில் உருண்டது. அவனும் அதோடு போய்ச் சேர்ந்தான். கடன் மட்டும் நின்றது.

நிலம் ஒன்று, பத்திரமும் ஒன்று. அதில் மேலே ரோட்டோரம் நியாகியோ அண்ணியின் வீடு. கீழே ஓடைப் பக்கம் வமைதாவின் வீடு. அண்ணிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆடுகள் போய், சபையில் ஆட்டின் தோள் அறுத்து, முறைப்படி நடந்த கல்யாணம். வமைதாவை அண்ணன் ஒரு நாள் சந்தையிலிருந்து கூட்டி வந்தான், அவ்வளவுதான். ஆடும் இல்லை, அறுப்பும் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஓடையில் தண்ணீர் மொண்டார்கள். வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது எங்கள் சட்டம். அண்ணியிடம் கேட்டிருந்தால் லாரிப் பேச்சு அன்றைக்கே அடுப்பில் போயிருக்கும். அது அண்ணனுக்குத் தெரியும். அதனால் வமைதாவை வங்கிக்கு அழைத்துப்போய், எனக்கு ஒரே மனைவி, அது இவள்தான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டான். ஏன்டி போட்டாய் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். அதுவரை எந்தக் காகிதத்திலும் தன்னை அவன் மனைவி என்று யாரும் எழுதியதில்லையாம். அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு போட்டாளாம். முட்டாள் என்று திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை.

வக்கீல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். வமைதா மனைவி என்றால் வங்கி பிடியை விடாது. மனைவிதான் சம்மதித்தாளே, எங்களுக்கு வேறென்ன தெரியும் என்பார்கள். அவள் மனைவியே இல்லை என்றால், உண்மையான மனைவி சம்மதிக்காத அடமானம் செல்லாது, ஏலம் நிற்கும். அதை வமைதாவே கூண்டில் ஏறிச் சொன்னால் அப்புறம் யாரும் எதுவும் பேச முடியாது.

அண்ணி கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனாள். தனியாகப் போகக் கூச்சம், என்னையும் இழுத்துக்கொண்டாள். வமைதா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். எழுந்து இரண்டு கோப்பை டீ வைத்தாள். அண்ணி கோப்பையைத் தொடவில்லை. வக்கீல் சொன்னதை நான்தான் சொல்லி முடித்தேன்.

"அப்ப, நான் யாருமில்லைன்னு நானே சொல்லணும்," என்றாள் வமைதா.

"ஆமா," என்றாள் அண்ணி.

"அவரு சாவுலயே நீங்க அதைச் சொல்லிட்டீங்களேக்கா. ஒரு பிடி மண்ணு போட விடல. இப்ப என் வாயால வேற கேக்கணுமாக்கும்?"

"விட்டிருக்கணும்," என்றாள் அண்ணி. "ஏலத்துல போனா ரெண்டு வீடும் போகும். நீ சொன்னா ரெண்டும் நிக்கும். ஓடைப்பக்கத்துல எவனும் கை வைக்க மாட்டான், நான் இருக்கேன்."

"எனக்குன்னு ஒண்ணும் வேணாம். கதோனிக்கு இருக்குமா?"

"இருக்கும்."

அதற்குப் பிறகுதான் அண்ணி அந்த ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

கதோனி வமைதாவின் மகள். கதோனி என்பது என் அம்மாவின் பெயர். எங்களில் மூத்த மகளுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர்தான் வைக்க வேண்டும், அதில் மாற்றமே கிடையாது. அண்ணிக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். என் அம்மாவின் பெயர் காத்துக் கிடந்து கடைசியில் கீழ் வீட்டில்தான் பிறந்தது. நான் அந்தப் பெண்ணை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவளும் சளைத்தவள் இல்லை, இந்தக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் எங்கே கிளம்பிவிட்டாய் என்று என்னை அதட்டுவாள்.

கோர்ட்டில் வங்கியின் வக்கீல் எங்கள் இனத்து ஆள்தான், எங்கள் மலைப்பக்கம்தான். குரலே உயர்த்தவில்லை. தான் முச்செமிக்கு மனைவி இல்லை, அவர் நிலத்தில் குடியிருந்தவள் என்று வமைதா சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்து பிள்ளையும் பெற்றால், சடங்கு நடக்காவிட்டாலும் சட்டம் அதைக் கல்யாணமாகவே எடுத்துக்கொள்ளும். அந்த மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு பேரென்னம்மா?"

"கதோனி."

"முச்செமியோட அம்மா பேரு?"

அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கேள்வி புரிந்தது. நீதிபதிகூட பேனாவை நிறுத்தினார். கதோனி என் பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று எத்தனையோ சொல்லியும் வந்திருந்தாள்.

"உங்க பொண்ணுக்கு யாரு பேரு வச்சீங்க?"

"சந்தையில எனக்குக் கடை போட எடம் குடுத்த ஒரு அம்மா. அவங்க பேரு."

"சரி. பொண்ணோட அப்பா யாரு?"

"முச்செமி இல்ல," என்றாள் வமைதா. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

என் கைக்குள் இருந்த கையைக் கதோனி உருவிக்கொண்டாள். அந்த நிமிஷம் என் அண்ணனைக் குழியிலிருந்து இழுத்து வந்து கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. ஒரு லாரிக்கு ஆசைப்பட்டு எங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான்!

அடமானம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நோட்டீஸைக் கிழித்து எறிந்தோம், ஆட்டிறைச்சி சுட்டோம். அடுத்த வாரமே அண்ணியின் மூத்த மகன் கிஹாரா ஓடைப் பக்கத்து நிலத்தைத் தனக்கென்று வளைத்து வேலிக்கம்பம் நட ஆரம்பித்துவிட்டான். கேட்கப் போனேன். "அவங்களே ஜட்ஜுகிட்ட சொன்னாங்களே அத்தை, நானா சொன்னேன்?" என்றான். அவன் கெட்ட பையன் இல்லை. பால் சங்கத்தில் ஒழுங்காக வேலை பார்க்கிறவன். தீர்ப்பில் இருந்ததைத்தான் சொன்னான். அண்ணி வந்து கம்பத்தைப் பிடுங்கிப் போட்டாள். எத்தனை நாளைக்குப் பிடுங்குவாய் என்று அவன் அவளையே கேட்டான்.

நிலத்தை வாரிசுகள் பேருக்கு மாற்ற வேண்டுமானால், இறந்தவரின் குடும்பம் இன்னார் என்று எங்கள் வட்டாரத்து அதிகாரி, சீஃப், எழுதித் தர வேண்டும். அண்ணியும் கிஹாராவும் நானும் போனோம். அக்கம்பக்கத்தார் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று சொல்லி வமைதாவையும் அண்ணியே வரச் சொல்லியிருந்தாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

முச்செமிக்கு மனைவிமார் எத்தனை என்று சீஃப் கேட்டார். இரண்டு என்று சொன்னால் தீர்ப்பு ஆட்டம் கண்டுவிடும். வங்கி அப்பீலுக்குக் காத்திருக்கிறது என்று வக்கீல் எச்சரித்திருந்தார்.

"ஒண்ணு," என்றாள் அண்ணி.

கிஹாரா நிம்மதியாக மூச்சு விட்டான். வமைதா சுவரோரம் நின்றாள். ஏமாற்றிவிட்டாளே பாவி என்று என் நெஞ்சு கொதித்தது.

"பிள்ளைங்க?"

"மூணு. கிஹாரா, மைனா, கதோனி. மூணும் நான் பெத்தது."

"அம்மா," என்றான் கிஹாரா.

"பெத்தவ நான். எனக்குத் தெரியாதா?" என்றாள், அவன் பக்கம் திரும்பாமலே.

சீஃப் பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து சாப்பிட்டுப் போனவர், அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வமைதாவைப் பார்த்து, "நீங்கதான் சாட்சி. இவங்க சொன்னது சரியாம்மா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தையில் அவள் தன் மகளைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டோம். கதோனியைப் பெற்ற இரவில் கூட இருந்தவள் நான்.

"சரிதான்," என்றாள் வமைதா. "கதோனி அக்கா பொண்ணுதான்."

சீஃப் மூன்று பெயரையும் எழுதினார். சாட்சியின் பெயரையும் எழுதிவிட்டு, தலை நிமிராமல், இந்தக் குடும்பத்துக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்.

"உறவெல்லாம் இல்லைங்க," என்றாள் அவள். "பக்கத்து வீடு."