கூடை போக

நான் மெத்தை விற்றவன். இந்த ஊரில் இன்றைக்குக் குறட்டை விடுகிறவர்களில் பாதிப் பேர் என் கைபட்ட மெத்தையில்தான் விடுகிறார்கள். இரவுக் காவலாளி ஒருவருக்கே இரட்டைக் கட்டில் மெத்தை விற்றிருக்கிறேன். பகலில் தூங்கியிருப்பார் என்பீர்கள். பகலில் அவர் வேறொரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்!

என் மனைவி மொத்தக் காய்கறிச் சந்தையில் எடை போட்டவள். லாரியிலிருந்து இறங்கும் கூடைகளைத் தராசில் ஏற்றி, கூடையின் எடையைக் கழித்து, சரக்கு இவ்வளவுதான் என்று சொல்வது அவள் உத்தியோகம். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் ஆரம்பிப்பேன்.

“இன்னிக்கு ஒரே நாள்ல நூறு மெத்தை போச்சு தெரியுமா?”

அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்பாள். “கூடை போக எவ்வளவுங்க?”

“நாலு.”

“தலகாணியும் சேர்த்தா?”

“ரெண்டு.”

நான் அளப்பேன், அவள் நிறுப்பாள். இப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடியது. எனக்கு அதில் ஒரு நாளும் மனத்தாங்கல் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாம், வெடிப்பதற்கு முன்னால் பிடித்து இறக்க வீட்டில் ஆள் இருக்கிறது என்கிற தைரியம் எல்லோருக்கும் வாய்க்குமா?

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் அடுப்பு, அப்புறம் விடியுமுன் கதவைத் திறந்துகொண்டு என்றோ மூடிவிட்ட சந்தைக்கு வேலைக்குப் புறப்படுவது. முடிந்தவரை நானே சமாளித்தேன். முடியாமல் போனபோது, மறதி நோய் வந்தவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். அங்கே போன சில மாதங்களில் நான் யாரென்பதும் போயிற்று. பிற்பகல் தோறும் வந்துபோகிற ஏதோ வியாபாரி என்று முடிவு கட்டிக்கொண்டு, “வாங்கண்ணே” என்றாள்.

கட்டின புருஷனை அண்ணே என்கிறாள்! அன்றே மகளுக்குப் போன் செய்தேன். “உனக்கு இந்த வயசுல புதுசா ஒரு தாய்மாமன் கிடைச்சிருக்கான், நான்தான்.” மகள் அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை. நான் சிரித்துத் தொலைத்தேன்.

அண்ணனானதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் சொல்வதையெல்லாம் அவள் நம்ப ஆரம்பித்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. “வர்ற வழியில யானை குறுக்கே படுத்திருந்துச்சு, தாண்டிக் குதிச்சு வந்தேன்” என்றேன் ஒரு நாள். “அப்படியாண்ணே, பார்த்து வாங்க” என்றாள். கழிக்க ஆளில்லாத அந்த யானையோடு நான் வீடு திரும்பினேன்.

அந்த இல்லத்தில் ஒரு பராமரிப்பாளர் உண்டு. தலை நரைக்கத் தொடங்கிய மனிதர். யாரை எழுப்பினாலும், உட்காரவைத்தாலும், குளிக்க அழைத்துப் போனாலும் “மெதுவா, மெதுவா” என்பார். அதனால் அங்கிருப்பவர்கள் அவருக்கு மெதுவா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர்தான் ஒரு நாள் என்னைக் கேட்டார். “அம்மா முன்ன என்ன வேலை பார்த்தாங்க ஐயா?”

“மலையையே தராசுல வச்சு நிறுத்தவ. இவ தலையாட்டாம ஊருக்குள்ள ஒரு தக்காளி நுழைய முடியாது.”

மனிதர் அதில் கூடையைத் தானே கழித்துக்கொண்டார் போலிருக்கிறது. அடுத்த முறை போனபோது சாப்பாட்டு அறையின் மூலையில், ஜன்னலோரம், முள் சுற்றுகிற பழைய தராசு ஒன்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மூன்று கூடைகள். என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உருளைக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த இல்லத்தின் சமையலுக்குப் போகும் கிழங்கும் வெங்காயமும் அவள் கையைத் தாண்டித்தான் போகின்றன. அவள் முள்ளைப் பார்த்துவிட்டு, “சரி, ஏத்துங்க” என்று சொல்லும்வரை சமையல்காரர் கூடையைத் தொடமாட்டார். மெதுவா அவருக்கு அப்படிச் சொல்லிவைத்திருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான், இல்லத்துக்கு உரிமம் தருகிறவர்களின் இரண்டாவது ஆய்வு வந்தது.

முதல் ஆய்வில் இரண்டு குறை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். குளியலறைக் குழாயில் தண்ணீர் அதிகமாகச் சுடுகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊட்டிவிட ஆள் போதவில்லை. இரண்டையும் இல்லத்தில் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் இந்தத் தடவை ஆய்வாளருக்கு நம்பிக்கை வராவிட்டால் உரிமம் போய்விடும். இங்கிருப்பவர்களை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கட்டடத்துக்கு மாற்றுவார்கள். என் மனைவிக்குத் தன் கட்டில் எது, கழிப்பறைக் கதவு எது என்று பிடிபடவே ஒரு யுகம் ஆகியிருந்தது. (யுகம் இல்லை, ஒரு மழைக்காலம்.) இந்த ஜன்னலிலிருந்தும் தராசிலிருந்தும் மெதுவாவிடமிருந்தும் அவளைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் என்ன ஆவாள்?

இல்லத்தின் மேலாளர் அம்மாள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

“ஐயா, நாளைக்கு நீங்க வரலாம். உங்க வாய் மட்டும் வரவேண்டாம்.”

“அதை நான் எங்க விட்டுட்டு வர்றது?”

“வீட்டுல வச்சுப் பூட்டிட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

உண்மையிலேயே பூட்டிக்கொண்டுதான் போனேன். ஆய்வாளர் உயரமான பெண்மணி. சத்தம் எழுப்பாத தட்டைச் செருப்பு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் கோப்பு. குழாய்த் தண்ணீரில் வெப்பமானி வைத்துப் பார்த்தார். மருந்து அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். பெரியவர்களின் நகங்களைப் பார்த்தார், தண்ணீர்க் குவளை கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார், மூக்கை உறிஞ்சி வாடை பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை. பிறகு என் மனைவியின் அறைக்கு வந்தவர், விரிப்பை விலக்கிவிட்டு, மெத்தையைக் கையால் அமுக்கினார்.

என் எதிரே ஒருவர் மெத்தையை அமுக்குகிறார், நான் சும்மா இருக்க வேண்டுமாம்!

“தாராளமா அமுக்குங்க மேடம். இதுல படுத்தா ராஜாவுக்கே முதுகுல புண்ணு வராது.”

ஆய்வாளர் திரும்பினார். “நல்லதுங்க ஐயா. இங்க எப்படிக் கவனிச்சுக்கிறாங்க?”

பூட்டு தெறித்தது. “கவனிப்பா? மணியைத் தொடக்கூட வேணாம், தொடணும்னு நினைச்சாப் போதும், நாலு பேர் வந்து நிப்பாங்க. சாப்பாடு ஒவ்வொரு வேளையும் விருந்து, ஒரு தடவை போட்டது மறுபடி வராது. ஆவி பறக்கும், ஜன்னல் கண்ணாடியெல்லாம் பனி மூடிக்கும். இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் ஒருத்தர் குரல் உயர்ந்ததில்லை. சுவத்துல பல்லிகூட அனுமதி கேட்டுட்டுத்தான் சத்தம் போடும்.”

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் வந்து, முழங்காலை மடக்கி, என் கண்மட்டத்துக்குக் குனிந்து, மிகக் கனிவாகக் கேட்டார்.

“ஐயா, நீங்க இங்க எந்த ரூம்ல இருக்கீங்க?”

பின்னால் நின்ற மேலாளர் அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். “மேடம், அவர் இங்க தங்கியிருக்கவர் இல்லை. அந்த அம்மாவோட வீட்டுக்காரர். தெளிவாத்தான் இருக்காரு.”

“தெளிவாவா?” ஆய்வாளர் எழுந்து நின்றார். கனிவு போய்விட்டது. “தெளிவா இருக்கிறவர் ஏன் இப்படிப் பேசணும்? உறவுக்காரங்களுக்குச் சொல்லிக்குடுத்துக் கூட்டிட்டு வர்ற இடங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். அப்படின்னா மத்ததையும் நான் நம்ப முடியாது. இதை நான் எழுதித்தான் ஆகணும்.”

வாழ்நாளெல்லாம் பொய்யைச் சொல்லி மெய்யை விற்றவன் நான். நல்ல மெத்தைக்குத்தான் அத்தனை அளப்பும். இங்கேயும் சரக்கு நல்ல சரக்கு. அதன்மேல் நான் ஏற்றிய கூடை அதையே நசுக்கப் பார்த்தது. “இல்லை மேடம், யாரும் சொல்லித்தரலை” என்றேன். சொல்லித்தரப்பட்டவன் சொல்வதுபோலவே இருந்தது அது.

சாப்பாட்டு அறைக்குப் போனோம். ஆய்வாளர் தராசின் எதிரே உட்கார்ந்து என் மனைவியைப் பார்த்தார். “அம்மா, இந்த ஐயா இங்க எல்லாமே பிரமாதம்ங்கிறாரு. கூப்பிட்டா உடனே வந்துடறாங்களாமே?”

என் மனைவி கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தாள். முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கூடை போக எவ்வளவு?”

எத்தனை நாள் கழித்து! என் பதிலுக்குக்கூடக் காத்திராமல் அவளே கழிக்க ஆரம்பித்தாள்.

“உடனே எல்லாம் வரமாட்டாங்க. முதல்ல குரல் வரும், ‘இதோ வர்றேன்’னு. அப்புறம் ஆள் வரும். வராம மட்டும் இருக்காது.”

“சாப்பாடு?”

“சூப் ஆறிப்போயிரும். நான் மெல்லத்தானே குடிப்பேன்? மெதுவாத் தம்பி எடுத்துட்டுப் போய்ச் சுடவச்சுட்டு வரும். ரெண்டு தரம்கூடப் போகும். மூஞ்சியத் தூக்காது.”

“யாராவது உங்ககிட்ட சத்தம் போட்டிருக்காங்களாம்மா?”

மேலாளர் அம்மாள் ஓரடி முன்னே வந்துவிட்டார். நானும்தான்.

“போட்டாங்களே. இந்தத் தம்பிதான்.” வாசற்படியில் நின்ற மெதுவாவை நோக்கிக் கையை நீட்டினாள். “லாரி வந்திருக்கும்னு வாசல் கேட்டுக்குப் போனேன். ‘நில்லுங்க!’ன்னு ஒரு கத்து. தெருவே கேட்டிருக்கும். அப்புறம் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிச்சு. கூடவே தோட்டத்தைச் சுத்திச் சுத்தி நடந்துச்சு, லாரி வரலைன்னு எனக்கே தெரியிற வரைக்கும்.”

ஆய்வாளர் மெதுவாவைப் பார்த்தார். “கத்தினீங்களா?”

“கத்தினேன் மேடம். வெளியே வண்டி வந்துட்டிருந்துச்சு. அன்னிக்கே மேலாளர் அம்மாகிட்ட சொல்லிட்டேன். ஐயாவுக்கும் போன் பண்ணினோம்.”

“தெரியும். காலையில பதிவேட்டுல பார்த்தேன்” என்றார் ஆய்வாளர். “இந்த அம்மா சொன்னதும் அதேதான்.”

பிறகு எழுந்துபோய்ச் சுவரிலிருந்த அழைப்பு மணியை அமுக்கிவிட்டுக் காத்திருந்தார். எனக்கு அது ஒரு ஜன்மம். (கூடை போக, நாலு மூச்சு.) நடைக்கோடியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: “இதோ வர்றேன்!” அப்புறம் காலடிச் சத்தம். அப்புறம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பராமரிப்பாளர் பெண்.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். அந்த முகத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

“சூப் ஆறாம வர்றதுக்கு ஏதாவது பண்ணுங்க” என்றார் மேலாளரிடம். “மத்தபடி எனக்குத் திருப்திதான். அப்படியே எழுதறேன்.” என் பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க சொன்னதையும் எழுதறேன். கூடை போக.”

“கூடை போனா என்ன மிஞ்சும் மேடம்?”

“மெத்தை நல்லா இருக்குன்னீங்களே, அது.”

அவர் போன பிறகு மேலாளர் அம்மாள் என்னைத் திட்டத் தொடங்கி, பாதியில் அழுது, அழுதுகொண்டே மிச்சத்தையும் திட்டி முடித்தார். நான் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன். பராமரிப்பாளர் மெதுவா, தராசருகே ஆறிப்போயிருந்த என் மனைவியின் சூப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் புறப்பட்டார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மெத்தை விற்ற வாய், சொல்லுக்குப் பஞ்சமில்லாத வாய், திக்கியது. அந்தத் தராசை எந்தக் கடையில் தேடிப் பிடித்தீர்கள் என்று கேட்கலாமா? நீங்கள் கொடுத்த வேலைதான் அவள் வாயிலிருந்து ‘கூடை போக’ என்கிற அந்த இரண்டு வார்த்தையை வரவழைத்தது என்று சொல்லலாமா? கடைசியில் என் பழைய சரக்கே வந்தது.

“தம்பி, உங்களுக்கு ஆயிரம் கோடி நன்றி.”

“கூடை போக எவ்வளவுண்ணே?” என்றாள் என் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன்தான் இன்னும். இருந்துவிட்டுப் போகட்டும்.

“இதுல கூடையே இல்லைம்மா. முழுசும் சரக்கு.”

அவள் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தாள், மெதுவாவைப் பார்த்தாள். சந்தையில் சந்தேகமான மூட்டைக்குச் செய்வதுபோல, வெறும் உள்ளங்கையைக் காற்றில் ஏந்தி ஒரு முறை தூக்கி இறக்கிப் பார்த்தாள்.

“சரி” என்றாள். “ஏத்துங்க.”