போன் கேட்ட முகம்

அன்புச்செல்வன் அப்பாவின் ஆக்சிஜன் மாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையிலிருந்த போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அவருடைய போன்தான். முகம் தெரியவில்லை என்றது.

"அப்பா, கண்ணத் தொறங்கப்பா. ஒரே ஒரு தடவ."

ரெங்கராஜ் திறக்கவில்லை. தலைமாட்டு மானிட்டரில் எண் மளமளவென்று இறங்கி, மெஷின் கத்தத் தொடங்கியது. ஓடிவந்த நர்ஸ் பேட்ரிசியா அவன் கையைத் தட்டிவிட்டு மாஸ்க்கைத் திரும்ப மாட்டினாள்.

"என்ன சார் பண்றீங்க? அவரு இருக்கற இருப்புக்கு இத எடுக்கலாமா?"

"எங்கம்மாவக் காணோம் சிஸ்டர்" என்றான்.

அப்பா காலையில் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு. ஜீயபுரத்திலிருந்து அவன் பைக்கில் பறந்து தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முகம் வீங்கி, வாய் ஒரு பக்கம் இழுத்துக் கிடந்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். அதை விழுங்குவதற்குள் ஸ்ரீரங்கத்திலிருந்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த மாடிவீட்டு லிசி அழைத்தாள். அடுப்பில் பாலைப் பார்க்கத் திரும்பியிருக்கிறாள். அதற்குள் அம்மா தெருவில் இறங்கிவிட்டாள். அடையவளஞ்சான் வீதியே கொள்ளிடக் கரையில் தேடிக்கொண்டிருந்தது.

சந்திரம்மாளுக்கு மூன்று வருஷமாக மறதி நோய். ஒருதரம் கொள்ளிடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றவளைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அதன் பிறகு, இருக்குமிடம் காட்டும் வாட்ச் ஒன்றை அவள் கையில் கட்டிவிட்டார் ரெங்கராஜ். அதற்கான ஆப் அவர் போனில் இருக்கிறது. என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு அது பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு போனுக்குள்ளேயே இருக்கிறது; எடுத்துக் கொடுக்க அப்பாவின் முகம் வேண்டுமாம். போன் திறக்கும் நம்பர் அவனுக்குத் தெரியும். அது செல்லாதாம்.

எல்லாம் வைகுண்ட ஏகாதசியின் வேலை. கூட்டத்தில் பழைய போனைப் பறிகொடுத்த ரெங்கராஜ், புதுசு வாங்கியதும் அதில் இருந்த திருட்டுப் பாதுகாப்பு அத்தனையையும் போட்டு வைத்திருந்தார். அதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், அதற்கும் முகம் காட்டி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடியும் முகம் காட்ட வேண்டும். ஒரு மணி நேரம்! அப்பாவிடமே அவ்வளவு இருக்கிறதோ இல்லையோ.

பேட்ரிசியா போனை எட்டிப் பார்த்தாள்.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க சார். எங்க அண்ணன் போன் கீழ விழுந்து, முகம் பாக்கறதே நின்னுபோச்சு. எப்பவும் இருக்கற வீட்டுக்குள்ள போனா நம்பரே போதும். அங்கேயே பாதுகாப்ப நிறுத்திருங்க. இல்லாட்டி தெருவுக்கு வந்ததும் திரும்ப முகம் கேக்கும்."

"அப்பாவ விட்டுட்டா?"

அவள் மானிட்டரைப் பார்த்தாள். "நான் இருக்கேன் சார். போயிட்டு வாங்க."

ஒரே பிள்ளை. கடைசி வாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டியவன். அப்பாவின் பாதத்தைத் தொட்டான், சில்லென்றிருந்தது. கையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

ஆடி மாதம். காவிரியில் கரை தொட்டுத் தண்ணீர். பாலத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் பார்த்தான். கலங்கல் தண்ணீரில் மிதந்து போன ஒரு வாழைமரம் அவனுக்குச் சேலை மாதிரித் தெரிந்தது.

ஸ்ரீரங்கம் வீட்டுக் கூடத்தில் நின்று நம்பரைப் போட்டான். பாதுகாப்பு மறு பேச்சில்லாமல் அணைந்தது. பாஸ்வேர்டு வந்தது, ஆப் திறந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்காகவா மாஸ்க்கைத் தூக்கினேன் என்று நினைத்தபோது மேப் தெரிந்தது.

நீலப்புள்ளி காவிரிக்கு நடுவில் இருந்தது. அசையவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்போது சட்டைப் பையில் அவனுடைய போன் அடித்தது.

"சார், பேட்ரிசியா பேசறேன். அப்பா போயிட்டாருங்க. இப்பதான். உதட்ட மட்டும் தண்ணியால நனைச்சு விட்டேன்."

கண் புள்ளியிலேயே இருந்தது. "சிஸ்டர், நான் மாஸ்க்க எடுத்ததாலயா?"

"இல்ல சார்" என்றாள் அவள். கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னாள்.

புள்ளி நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. ஆறு கிழக்கே ஓடுகிறது. புள்ளி தெற்கே போனது. பாலத்தின் மேல், டிராபிக்கில் நின்று நின்று போகிற எதிலோ அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வண்டியை எடுத்தான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில், புள்ளி காட்டிய ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தான். மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் சந்திரம்மாள் இருந்தாள். பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட் கையில் சுருண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்து இருக்கையில் அப்பாவின் துண்டை விரித்துப் போட்டிருந்தாள்.

"அம்மா" என்று சொல்லி உட்காரப் போனான்.

அவள் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "இங்க ஆளு வருது தம்பி. டீ குடிக்கப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க."

"சரிங்கம்மா" என்றான்.

பஸ் நிரம்பியது. மார்க்கெட் பையோடு ஏறிய ஒருவர், துண்டை ஒதுக்கிவிட்டு உட்காரக் குனிந்தார். அன்புச்செல்வன் குறுக்கே கையை நீட்டினான்.

"ஆளு வருதுங்க" என்றான்.

பஸ் கிளம்பியது. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இருக்கையின் பக்கத்திலேயே நின்றான்.