ஜாய்ஸ் கடையில் எல்லாம் அருமை

புது ஊரில் வேலை தொடங்கினால் முதல் நாள் மத்தியானம் ட்ரெவர் மட்டும் தனியாகக் கிளம்புவார். மற்ற மூவரும் வேனில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ந்த சாண்ட்விச்சை மென்றபடி காத்திருப்பார்கள். அவர் திரும்பி வந்து எந்தக் கடையின் பெயரைச் சொல்கிறாரோ, அந்த ஊரில் தண்ணீர்க் குழாய் பதித்து முடிக்கும்வரை மதியச் சாப்பாடு அங்கேதான். மேஸ்திரிகள் மாறினார்கள், ஊர்கள் மாறின, அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

கடை பார்ப்பதில் கெட்டிக்காரர் என்ற பெயர் அவருக்குச் சும்மா கிடைத்தது இல்லை. ஒரு கடையை அவர் திருடனைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். வாசலில் பலகை வைத்துக் கூவுகிற கடையை நம்பமாட்டார். சாப்பாட்டைப் படம் பிடித்துச் சுவரில் ஒட்டியிருந்தால் உள்ளேயே போகமாட்டார். கண்ணாடியில் ஆவி படிந்திருக்க வேண்டும். வெளியே லாரியும் வேனும் நிற்க வேண்டும். மேசைமேல் சாஸ் குப்பி பிசுபிசுவென்று இருக்க வேண்டும். இதெல்லாம் கண் சொல்லும் சாட்சி. கடைசித் தீர்ப்பு மூக்குடையது. கதவைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், எண்ணெய் நேற்றையதா போன வாரத்துடையதா என்று சொல்லிவிடுவார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை.

ரெட்ஃபர்ட் ஊரில் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜாய்ஸ் என்பவளின் கடைக் கதவைத் திறந்து அதேபோல் மூச்சு இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மழைக்காலத்துச் சுவர்மேல் மூக்கை வைத்த மாதிரி இருந்தது.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் போனது, அவை திரும்பவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. முதுகு எப்போதோ போய்விட்டது, மண்வெட்டி பிடித்துப் பல மாதமாகிறது. தெருமுனையில் நின்று 'நில்', 'போ' என்று பலகை திருப்புவது, தேநீர் போடுவது, சாப்பாட்டுக் கடை கண்டுபிடிப்பது, இவ்வளவுதான் அவர் வேலை. அலுவலகத்தில் ஆளைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு பேச்சு காதில் விழுந்திருந்தது. மற்ற இடங்களில் பலகைக்குப் பதிலாகச் சிவப்பு, பச்சை விளக்குக் கம்பமே வந்துவிட்டது. தேநீரை யாரும் போடலாம். மூக்கும் போய்விட்டது என்று தெரிந்தால் மேஸ்திரி கீத் எதைச் சொல்லி அவரை வைத்துக்கொள்வான்?

ஜாய்ஸ் கடையில் ஆவி படிந்திருந்தது. வேன்கள் நின்றன. சாஸ் குப்பி ஒட்டிக்கொண்டது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. கல்லாவுக்குப் பின்னால் ஜாய்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தாள்.

"இங்க சாப்பிடறதில்லையா நீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு வயிறு கொஞ்சம் ஒரு மாதிரி, கண்ணு" என்று டப்பாவை மூடினாள்.

பழைய ட்ரெவராக இருந்தால் அப்போதே திரும்பி நடந்திருப்பார். ஆனால் இன்னொரு கடைக்குப் போனாலும் மூக்கு அங்கேயும் இதே ஊமைதானே. வேனுக்கு வந்து, "கால்வாய்ப் பக்கம். ஜாய்ஸ் கடை" என்றார்.

"மூக்கு சொல்லிடுச்சா?" என்றான் மால்கம்.

"சொல்லிடுச்சு."

மறுநாள் நால்வரும் போய் உட்கார்ந்தார்கள். மற்ற மூவருக்கும் மாட்டிறைச்சிக் குழம்பும் உருளைக்கிழங்கு மசியலும். ட்ரெவர் இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் வாங்கிக்கொண்டார். ருசி தெரியாத வாய்க்கு எதுவானால் என்ன, முட்டை சீக்கிரம் தொண்டையில் இறங்கும். ஜாய்ஸ் வந்து, "எல்லாம் நல்லாருக்கா கண்ணுகளா?" என்று கேட்டாள்.

"அருமை" என்றான் கீத்.

"அருமைம்மா, ரொம்ப நன்றி" என்றான் டெஸ்.

மால்கம் வாய் நிறைய வைத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினான்.

இந்த 'அருமை'தான் ட்ரெவரைக் கொன்றது. அவர்கள் நாட்டில் தட்டில் ஆணி கிடந்தாலும் ஆணியை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு 'அருமை' என்று சொல்லித்தான் பழக்கம். அவரே ஒருமுறை வேகாத கோழியைத் தின்று 'அருமை' என்று சொல்லி, டிப்ஸும் வைத்துவிட்டு, இரண்டு நாள் கழிப்பறையில் குடியிருந்தவர். அப்போதெல்லாம் தன் நாக்கு இருந்தது, பிறர் சொல்லை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. இப்போது ஊர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும், ஊரோ உண்மை சொல்லாது. தட்டுகளைக் கவனித்தார். டெஸ் காகிதத் துண்டை விரித்துத் தட்டை மூடியிருந்தான். பிணத்துக்குத் துணி போர்த்துகிற மாதிரி.

"ஏன் மூடி வச்சிருக்க?"

"வயிறு நிறைஞ்சுடுச்சு பெருசு. எவ்வளவு வைக்கிறாங்க பாரு!"

டெஸ்ஸுக்கு வயிறு நிறைந்து ட்ரெவர் பார்த்ததே இல்லை. தன் கல்யாணத்திலேயே, மாப்பிள்ளை எங்கே என்று தேடியபோது சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தவன் அவன்.

அதற்கப்புறம் எல்லாமே சந்தேகமாகப் பட்டது. குழாய்மேல் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறவர்கள், இப்போது கோப்பையை வாங்கிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வேனுக்குப் பின்னால் போனார்கள். "வெயில் அடிக்குது பெருசு" என்றான் மால்கம். வெயில் கண்ணுக்குத் தெரிந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுக்கிற ஊர்க்காரன் அவன். வெயிலுக்கு அவன் ஒளிவதாவது! சாப்பிட்டு வந்து சற்று நேரம் கழித்து டெஸ் காணாமல் போவான். கேட்டால் ஆணி வாங்கப் போனேன் என்பான். தண்ணீர்க் குழாய்க்கு எதற்கு ஆணி? பேசிக்கொண்டிருப்பார்கள், இவர் கிட்டே போனதும் கால்பந்துப் பேச்சுக்குத் தாவுவார்கள். கீத் போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரத்தில் நடப்பான். நடுநடுவே இவர் நிற்கிற முனையைப் பார்ப்பான்.

தன்னை அனுப்பிவிட முடிவு எடுத்துவிட்டார்கள், சொல்லத்தான் வாய் வரவில்லை என்று ட்ரெவர் நினைத்தார். பலகையைத் திருப்ப மறந்துபோக, இரண்டு பக்கமும் கார்கள் நின்று ஒலியெழுப்பின.

ஒரு நாள் தேநீர் கொடுத்துவிட்டு, அவர்கள் மறுபடி குழிக்குள் இறங்கும்வரை பொறுத்திருந்து, வேனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். மண்மேட்டின் ஓரத்தில் தரை கறுத்துக் கிடந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பழசு, புதுசு, அதற்கும் புதுசு. விரலால் தொட்டுப் பார்த்தார். தேநீர். போட்ட தேநீரெல்லாம் இங்கே ஊற்றப்பட்டிருந்தது.

வேனுக்குள் ஏறி முன்சீட்டின் அடியில் இருந்த பால் கேனை எடுத்தார். நிறைமாதக்காரி வயிறுபோல் உப்பியிருந்தது. மூடியைத் திறந்தபோது புஸ் என்றது. மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. நாக்கில் ஒரு சொட்டு விட்டார். குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. முன்பெல்லாம் திங்கட்கிழமை வாங்கின பாலை எப்போது கொட்டுவது என்று மூக்குதான் சொல்லும். தேநீரில் வெள்ளைத் துகள் மிதந்ததை அவரும் பார்த்திருந்தார். இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் போல என்று விட்டுவிட்டார். அவர் பால் விட்டுக் குடிப்பதில்லை. காய்ச்சலுக்கு அப்புறம் பால் வாயில் வெறும் வழவழப்பாகத்தான் இருந்தது, அதனால் விட்டுவிட்டார்.

கேனைக் கொட்டப் போனவர், என்ன தோன்றியதோ, மூடியை இறுக்கிச் சீட்டுக்கடியில் திரும்ப வைத்தார்.

அன்று ஜாய்ஸ் கடையில் மூன்று 'அருமை'யும் கேட்டாகிவிட்டது. திரும்பி வந்ததும் டெஸ் நழுவினான். கொஞ்ச நேரத்தில் மால்கம். பிறகு கீத். ட்ரெவர் பலகையை மண்மேட்டில் சாத்திவிட்டுப் பின்னாலேயே நடந்தார். சந்தைத் திடலில் ஒரு வண்டிக்கடை. அதன் பக்கத்து மதில் ஓரம், மூவரும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆளுக்கொரு ரொட்டியில் வறுத்த பன்றிக்கறியும் ஆப்பிள் மசியலும் வைத்து, பஞ்சத்தில் அடிபட்டவர்கள் மாதிரி தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஆணி நல்லா வெந்திருக்கா டெஸ்?" என்றார் ட்ரெவர்.

மூவரும் மென்றதை நிறுத்தினார்கள். டெஸ்ஸின் தாடையில் மசியல் வழிந்தது.

"பெருசு, அது வந்து..."

"வேனுக்குப் பின்னாடியும் பார்த்துட்டேன். சொல்லுங்க. எவ்வளவு நாளா என்னை வச்சுக் கூத்தடிக்கிறீங்க?"

மால்கமுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்களா? நாங்களா கூத்தடிக்கிறோம்? கெட்டுப்போன பாலை எங்களுக்கு ஊத்திட்டு நீ மட்டும் வெறும் டீ குடிக்கிற! அந்தப் பொம்பள குழம்புன்னு குடுக்குறது சுவர்ல பூசுற மாவு. அதுல எங்கள உக்கார வச்சுட்டு நீ ஜம்முனு முட்டை திங்கிற!"

"ஜாய்ஸே அங்க சாப்பிடறதில்ல" என்றான் டெஸ். "டப்பா கொண்டு வரா. பார்த்தியா நீ?"

"பார்த்தேன்."

"பார்த்துமா?"

கீத் வாயைத் துடைத்துக்கொண்டான். "ஆள் குறைக்கிற பேச்சு உன் காதுக்கு வந்துடுச்சுன்னு தெரியும் எனக்கு. அந்த ஆத்திரத்துல எங்களைப் பழி வாங்குறியோன்னு நெனச்சோம். சரி, கோபம் தீரட்டும்னு பேசாம இருந்தோம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"டீ நல்லால்லன்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா எப்படிய்யா சொல்றது?" என்றான் கீத். அவன் நிஜமாகவே திகைத்துத்தான் கேட்டான்.

ட்ரெவர் மதிலில் சாய்ந்தார். பழி வாங்குகிற ஆள் என்றே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது மூக்கில்லாத ஆளைவிடக் கௌரவம். ஆனால் நாற்பது வருஷமாக மண்ணில் புரண்ட உடம்பு, பொய்யையும் சேர்த்துத் தூக்க அதற்குத் தெம்பில்லை.

"மூக்கு போயிடுச்சு. நாக்கும்தான். குளிர்காலத்துலேர்ந்தே. அந்தக் கடையில நான் மூச்சு இழுத்தேன், ஒண்ணுமே வரல. கண்ணை வச்சுச் சொன்னேன். பால் கெட்டதும் எனக்குத் தெரியாது."

வண்டிக்கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். டெஸ் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். ட்ரெவர் கடித்தார். வறுத்த தோல் பல்லில் மொறுமொறுவென்று உடைந்தது. சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்றான் டெஸ்.

"அருமை" என்றார் ட்ரெவர், பழக்கத்தில்.

மால்கம் விழுந்து விழுந்து சிரித்தான். டெஸ்ஸும் சிரித்தான். கீத் மட்டும் சிரிக்கவில்லை. "ஆபீஸ்ல கேட்டாங்க, ட்ரெவர். ஆளைக் குறைக்க முடியாதுன்னு சொல்லிட்டேன். நீ இரு. ஒண்ணும் கவலைப்படாத" என்றான். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் நடந்தான்.

ராத்திரி முழுக்க அந்த வார்த்தை ட்ரெவரைத் தூங்கவிடவில்லை. 'நீ இரு, ஒண்ணும் கவலைப்படாத.' எவ்வளவு மென்மையாகச் சொன்னான்! அதுதான் சந்தேகம். ஜாய்ஸிடம் 'அருமை' என்று சொன்னபோதும் இதே மென்மைதானே? சுவரில் பூசுகிற மாவைத் தின்றுவிட்டு நன்றி சொன்ன வாய்தானே இதுவும்? இதுவும் ஒரு 'அருமை'யாக இருந்தால், வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கைகுலுக்கி அனுப்பிவிடுவான். அப்போதும் கீத் அழகாகத்தான் சிரிப்பான்.

காலையில் புதுப் பால் வாங்கினார். கடைக்காரப் பெண்ணிடம், "கொஞ்சம் மோந்து பாரும்மா" என்று கேட்க, அவள் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மோந்து பார்த்துத் தலையாட்டினாள். டெஸ்ஸுக்கும் மால்கமுக்கும் அந்தப் பாலில் தேநீர் கலந்தார். அவர்கள் வாங்கிக்கொண்டு பயந்து பயந்து ஒரு வாய் வைத்து, முகம் மலர்ந்து, குழாய்மேலேயே உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது கோப்பைக்குச் சீட்டுக்கடியிலிருந்த பழைய கேனை எடுத்தார். தாராளமாக ஊற்றினார். திரிதிரியாக மிதந்ததைக் கரண்டியால் கலக்கி அமுக்கினார். கீத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பலகைக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

கீத் குழாய் வரைபடத்தைப் பார்த்தபடியே ஒரு மடக்கு இழுத்தான். தொண்டை அசையவில்லை. கண் மட்டும் மெல்ல மேலே வந்து ட்ரெவரைப் பார்த்தது. கன்னம் உப்பியிருந்தது. இதையும் 'அருமை' என்று விழுங்கினால், நேற்றுச் சொன்னதும் அதே 'அருமை'தான். விழுங்கிவிடாதே, விழுங்கிவிடாதே என்று ட்ரெவரின் மனசு அடித்துக்கொண்டது.

"அ..." என்று கீத்தின் வாய் திறக்கப் பார்த்தது. மூடிக்கொண்டது. பிறகு திரும்பி, குழிக்குள் துப்பினான்.

"யோவ் பெருசு! என்ன கருமம்யா இது! செத்த எலியைப் பிழிஞ்சு ஊத்தினியா? இதை நாய் குடிக்குமா? கொட்டிட்டு வேற போட்டுக் கொண்டா, போ! மறுபடி இப்படிப் போட்டே, பலகையைப் புடுங்கி உன் தலையிலேயே போடுவேன்!"

தெருவில் போன ஒரு அம்மாள் நின்று திரும்பிப் பார்த்தாள். டெஸ் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதோ, இப்பவே" என்றார் ட்ரெவர். உப்பிய கேனைக் தெருச் சாக்கடையின் கம்பி மூடிமேல் கவிழ்த்துவிட்டு, புதுப் பாலைக் கையில் எடுத்துக்கொண்டு, கெட்டிலைத் திரும்ப அடுப்பில் ஏற்றினார்.