இருபத்தேழும் இருபத்தைந்தும்

நல்ல நேரம் பத்து இருபத்திரண்டுக்கு முடிகிறது என்று சாத்திரியார் எழுதிக்கொடுத்த துண்டை இராசமணி விடியற்காலையிலிருந்தே கையில் வைத்திருந்தாள். தம்பி பரமலிங்கம் இங்கிலாந்தில் நாலு வருடம் மண்டையை உடைத்து எழுதிய கலாநிதிப்பட்ட ஆய்வு, அதற்குள் அனலைதீவுத் தபாற்கந்தோரில் சேர்ந்துவிட வேண்டும். நோயில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க விடுப்பில் வந்தவன் இங்கிருந்துதான் முடித்து அனுப்புகிறான்.

"கடைசிக் கூட்டலை ஒருக்கால் பாக்கவேணும், அக்கா."

"நாலு வருசமாப் பாக்காததை இனியே பாக்கப்போறாய்? எழும்படா."

எழும்பினான். கிரகங்களை நம்பாதவன்தான், ஆனால் அக்காவை எதிர்த்து அவனுக்குப் பழக்கமில்லை. பத்து மணிக்கே பொதியைக் கொடுத்துவிட்டு வந்தான்.

தேத்தண்ணியோடு, கைவசமிருந்த மறுபிரதியைத் திறந்தான். இடக்கைத் துகள்களையும் வலக்கைத் துகள்களையும் ஒரே மாதிரி நடத்தாத விசைகளைப் பற்றிய ஆய்வு அது. அந்தத் துகள்கள் இறுகச் சேர்ந்து வேறு துகள்களாகலாம். ஆனால் பிறழ்வு எண் என்ற ஒன்று மட்டும் மாறக்கூடாது. சேருமுன் இருபத்தேழு என்றால் சேர்ந்த பின்னும் இருபத்தேழு. அது பொருந்துகிறது என்பதில்தான் முழு ஆய்வும் நின்றது.

பொருந்தவில்லை. வலக்கைத் துகள் ஒன்றை இடக்கைக் கணக்கில் சேர்த்தபோது குறியை மாற்ற மறந்திருந்தான். சக ஒன்று என்று கூட்டியது, சய ஒன்றாகக் கழிந்திருக்கவேண்டியது. சேர்ந்த பின்னான கணக்கைத் திரும்பக் கூட்டினான். இருபத்தைந்து. கீழிருந்து மேலே கூட்டினாலும் சனியன் பிடித்த அதே இருபத்தைந்து.

துறைக்கு விழுந்தடித்து ஓடினான். தபாற்பையோடு மோட்டார் லாஞ்சு ஊர்காவற்றுறைப் பக்கம் பாதித்தூரம் போய்விட்டது. பையை ஏற்றிவிட்டுத் துறையில் நின்ற தபாலதிபர் தம்பிஐயா கையை விரித்தார்.

"முத்திரை வைச்ச பை, தம்பி. லாஞ்சு நிண்டிருந்தாலும் நான் திறக்க ஏலாது. தந்தி ஒண்டு அடிச்சு விடுமன்."

"என்னெண்டு அடிக்கிறது, ஐயா?"

கடலில் குதித்து நீந்திப் பையைப் பிடித்தாலும் இருபத்தைந்து இருபத்தேழாகாது. ஒரு வரியைத் திருத்திச் சரிக்கட்ட வழியில்லை, ஆய்வில் ஒரு பக்கம்கூட மிஞ்சாது. அவனுக்கு அழுகை வந்தது. தம்பிஐயா மரியாதையாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் இராசமணி அயலட்டைக்கெல்லாம் மோதகம் கொடுத்து முடித்து, அவனுக்கென்று இரண்டை எடுத்து வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல நேரத்துக்குள்ளை போட்டாச்சு. இனி அதை ஒருத்தராலும் மாத்த ஏலாது."

"ஓம், அக்கா" என்று சொல்லி மோதகத்தைக் கையில் வாங்கினான்.