சிவப்புப் புள்ளி வைத்த கேசட்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சத்யப்ரியா தன் இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். எங்கள் தர ஆய்வுப் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண்.

"இதக் கேளுங்க சார். எண்பத்தேழுல நம்ம ஓசூர் பசங்க போட்ட கேசட்டாம், ஸ்கேட் பங்க். சக்கரப் பலகை விடுற பசங்க வேகமா கத்திப் பாடுற ராக் சார். குந்தாரப்பள்ளி சந்தைல பழைய சாமானோட ஒருத்தருக்குக் கெடச்சு, நெட்ல ஏத்திருக்காரு. யாரு வாசிச்சதுன்னே தெரியலையாம்."

நாலு அடி கேட்டதுமே சோற்றைத் தள்ளி வைத்தேன். அந்த டிரம்ஸ் நான் அடித்தது.

"உங்களுக்குத் தெரியுங்களா சார்?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்? போனில் கேசட்டின் படமும் இருந்தது. லேபிள் மேல் சிவப்புப் புள்ளி. அதைப் பார்த்ததும் பழைய ஆத்திரம் அப்படியே திரும்பி வந்தது.

அப்போது நானும் கங்கப்பனும் சிப்காட்டில் பயிற்சித் தொழிலாளிகள். கழித்துப் போட்ட பேரிங்குகளைச் சக்கரமாகப் பலகைக்கு அடியில் பூட்டி, மூக்கண்டப்பள்ளிச் சரிவில் நின்றபடியே பாய்வோம். முட்டி பெயர்ந்த எரிச்சலில் பிறந்தவைதான் பாட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், எல்லாம் ஆலைச் சங்கையும் சூப்பர்வைசரையும் திட்டுவது. கிதாரும் குரலும் அவன். சர்ச்சில் டிரம்ஸ் பழகியவன் நான். பெங்களூரில் ஒரே பகலில் பதிந்தோம். நான் தாளத்தில் முந்தும்போதெல்லாம் "ஓடாதடா யேசு" என்று அன்று முழுக்க என்னை வறுத்தெடுத்தான்.

ஐம்பது பிரதி எடுத்தவன், ஆயுத பூஜைக்கு மறுநாள் பெட்டியை என் அறை வாசலில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். திறந்தால் ஐம்பதிலும் சிவப்புப் புள்ளி. எங்கள் ஆலைப் பெயிண்ட். சிவப்பு வைத்த பீஸ் கழிவுக்குப் போகும், அதை யாரும் மறுபடி தொட மாட்டார்கள். என் வாசிப்பைத்தான் கழித்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல் பெயிண்ட் வைக்கிறானே என்று கொதித்தது. பெட்டியோடு பழைய இரும்புக் கடையில் போட்டேன். இரண்டு முறை வந்து கதவைத் தட்டினான். உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை. அடுத்த மாதம் ஆலையையும் மாற்றிக்கொண்டேன்.

இன்று உட்கார முடியவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். சானமாவு தாண்டினால் அவன் ஊர். வழியில் யானை கடக்கிறது என்று வனத்துறை ஆள் மறித்தார். நிற்கப் பொறுமை இல்லை. வண்டியை அணைப்பதும் கிளப்புவதுமாக இருந்தேன். "சும்மா இருங்க சாமி, அது போனாத்தான நீங்க போக முடியும்" என்றார். வேறு வழியில்லாமல் போனில் பாட்டைப் போட்டேன். தாளத்தில் நான் ஓடத்தான் ஓடுகிறேன். ஆனால் அவன் குரல் என்னை விடாமல் கூடவே ஓடி வருகிறது. இதையா கழித்தான்? அவன் வாயாலேயே கேட்காமல் இன்று திரும்பப் போவதில்லை.

கங்கப்பன் ரோஜாத் தோட்டத்தில் மோட்டார் போட்டுக்கொண்டிருந்தான். தலை முழுக்க வழுக்கை.

"யேசுவாடா?"

நலம் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை. "ஏன்டா அம்பதையும் ரிஜெக்ட் பண்ண?" என்று படத்தை நீட்டினேன்.

போனை வாங்கிப் பார்த்தான். "ரிஜெக்டா? இது எங்கம்மா வெச்ச பொட்டுடா. ஆயுத பூஜைக்குப் படைச்சோம். குங்குமம் பிளாஸ்டிக்ல நிக்கலன்னு, ஆலைலேருந்து கொண்டாந்து கட்டிலுக்கடில நான் வெச்சிருந்த பெயிண்ட எடுத்து ஒண்ணு விடாம வெச்சுது. புள்ளைங்க மொதமொதல்ல போட்டது, நல்லா ஓடணும்னு."

தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன்.

"பெட்டி எங்கடா?"

"எடைக்குப் போட்டுட்டேன்."

"ஒண்ணாவது போட்டுக் கேட்டியா?"

முப்பத்தெட்டு வருஷமாக அளந்து பார்க்காமல் ஒரு நட்டைக்கூட நான் தள்ளியதில்லை. "இல்லடா" என்றேன். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"நானும் கேக்கலடா" என்றான். "எங்க வீட்ல ஏது டேப்பு? உன் ரூம்லதான இருந்தது. ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்னுதான் அங்க கொண்டாந்து வெச்சேன்."

போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்பப் போடு" என்றான்.