சாட்சி சொன்னதும் நின்ற ஊசி

ஜெபசீலன் வீட்டுப் பிரிட்ஜைத் திறந்தால் மேல்தட்டில் பால், நடுத்தட்டில் உவரி சீலாமீன், கதவோரம் எப்சியின் ஊசிமருந்து. வாரத்தில் மூன்று நாள், விளக்கு வைக்கும் நேரத்தில், ஜெபசீலன்தான் மனைவிக்கு ஊசி போடுவார். போடுகிறவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். போட்டுக்கொள்கிறவள்தான், "பைய, பைய... கண்ணைத் தொறந்துட்டுப் போடுங்க. சோபாவுக்குப் போட்டுராதீங்க" என்று வழி சொல்லுவாள்.

எப்சி கணக்கு டீச்சர். முந்தின கோடையில் வகுப்பில் நிற்கும்போதே இடது கண்ணுக்குக் கரும்பலகை கலங்கியது. மறுவாரம் கால் மரத்தது. உடனே சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஊரில் பாதி மூலிகை அவள் காலில் அரைத்துப் பூசப்பட்டது. பாளையங்கோட்டை நரம்பு டாக்டர் பாலசுப்பிரமணியன்தான் ஸ்கேன் பார்த்துவிட்டு 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்றார். அந்தப் பெயரை நாக்கு சுளுக்காமல் சொல்ல ஜெபசீலனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

"வயருக்கு மேல ரப்பர் இருக்குல்லா, அதுமாதிரி நரம்புக்கும் ஒரு உறை இருக்கு. உடம்போட காவக்காரனே அதைக் கடிச்சு வைக்கான்" என்றார் டாக்டர். "இப்ப டிரிப்ஸ்ல ஏத்துத மருந்து இந்தக் கடியை ஆத்தும். வீட்டுல போடுத ஊசி அடுத்த கடியைக் கொறைக்கும். ஒத்துக்கலைன்னா மாத்திரை இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒருக்க ஏத்துத மருந்தும் இருக்கு. அடியோட போக்க மருந்து இல்ல. நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்திராதீங்க."

டிரிப்ஸ் ஏறியது. கண் தெளிந்தது, கால் உயிர் பெற்றது. ஊசியும் தொடர்ந்தது. எப்சி பழையபடி ஸ்கூட்டரில் ஆற்றுப்பாலம் தாண்டிப் பள்ளிக்கூடம் போனாள்.

ஜெபசீலனின் வாய் சும்மா இருந்திருந்தால் கதை இங்கேயே சுபம். அது சாதாரண வாயா? மைக் இல்லாமல் அவர் ஜெபித்தால் மணிமுத்தாறு அணையில் தூங்கும் முதலை எழுந்து உட்காரும்!

அசனப் பண்டிகை வந்தது. ஆலயத்து முன்னால் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். கறிக்குழம்பு கொதிக்கும் அண்டாவில் பரிசலே விடலாம். பந்திக்கு முன், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம். ஜெபசீலன் எழுந்தார். "என் மனைவி பூரண சுகம் பெற்றாள்! வியாதி வேரோடு போயிற்று!" என்று முழங்கினார். ஊசியைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் சாட்சியின் எடை குறைந்துவிடுமாம். ஆமென் சத்தத்தில் அண்டாவின் மூடி ஆடியது.

மறுவாரம் அவருடைய அக்கா இன்பமணி வந்தாள். குளிர்ந்த தண்ணீருக்காகப் பிரிட்ஜைத் திறந்தாள்.

"ஏலே ஜெபசீலா, இது என்னலே ஊசி?"

"எப்சிக்கு..."

"அவளுக்குத்தான் சொகமாயிட்டுன்னு சபைக்கு முன்னால முழங்குனியே? அப்ப அது பொய்ச்சாட்சியா? இல்ல, ஒனக்கு விசுவாசம் இல்லையா? ரெண்டுல ஒண்ணுதாம்லே!"

அன்று ஊசி எடுக்கப்படவில்லை. எப்சி கேட்டதற்கு, "நல்லாத்தானட்டி இருக்க? இன்னும் குத்துனா சாட்சி பொய்யாயிரும்லா" என்றார். குத்திக் குத்தித் தழும்பேறிய தொடையைத் தடவிக்கொண்டு அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். மருந்து இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் குடியேறியது.

பக்கத்துச் சபைகளும் ஜெபசீலனைக் கூப்பிட்டன. போகப் போக அவர் சாட்சியில் வியாதி வளர்ந்தது. முதல் சபையில் எப்சியால் நடக்க முடியவில்லை. அடுத்ததில் படுத்த படுக்கை. அதற்கடுத்ததில் சவப்பெட்டிக்கே சொல்லிவிட்டிருந்தார்கள்!

பங்குனி வெயிலில் ஒரு காலையில், குளியலறையில் எதுவோ சாய்ந்த சத்தம். ஜெபசீலன் ஓடினார். எப்சி ஈரத்தரையில் கிடந்தாள். சிறுநீர் தானாகப் போயிருந்தது.

"என்னங்க... எங்காலு எங்கன கெடக்கு?"

டாக்டர் திட்டவில்லை. "ஊசி போட்டியளா?" என்று மட்டும் கேட்டார்.

முதலையை எழுப்பும் குரல் மேசையைக்கூடத் தாண்டவில்லை. "நிறுத்திட்டோம் சார். சாட்சி சொல்லிட்டேன்..."

மறுபடி டிரிப்ஸ். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் வீரியமான மருந்து. தினமும் பிசியோதெரபி. கொஞ்சம் திரும்பியது. வலது கால் இழுத்துக்கொண்டே நின்றுவிட்டது. மறுபடி இருண்ட இடது கண்ணுக்கு வெளிச்சம் வரவேயில்லை. "இனி வாரத கொறைக்கலாம். போனதத் திருப்ப முடியாது" என்றார் டாக்டர்.

அடுத்த அசனம். குருவானவர் ஜாஸ்பர், "சாட்சி சொல்ல யாராவது உண்டா?" என்றார். "எந்திரிலே" என்று இன்பமணி தம்பியை இடித்தாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. எழுந்தது எப்சி. ஊன்றுகோலோடு அவள் மைக்கை எட்டுவதற்குள் அண்டா ஆறிவிட்டது.

"போன வருசம் இங்கன நின்னு எங்க வீட்டுக்காரர், ஆண்டவர் சொகம் குடுத்தார்னு சொன்னாரு. நெசந்தான். எதுல வச்சுக் குடுத்தார்ங்கதத்தான் சொல்லாம விட்டுட்டாரு. ஊசியில வச்சுக் குடுத்தாரு. நாங்க வெக்கப்பட்டு அதைத் தூக்கிப் போட்டோம். இந்த வியாதி ஒளிஞ்சு கெடக்கும், போயிராது. ஒங்க வீட்டுல யாருக்கும் நல்லாச்சுன்னா ஸ்தோத்திரம் பண்ணுங்க. ஆனா டாக்டர் சொல்லாம மருந்தை நிறுத்தாதீங்க. ஊருக்காக நிறுத்துனா, எங்காலை இந்த ஊர் திருப்பித் தருமா?"

இன்பமணி காலி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருவானவர்தான் முதலில் "ஆமென்" என்றார்.

ஜெபசீலனும் சொன்னார். பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்கவில்லை.